பாலுக்குள் ஒரு மறைவிடம்

மாய மை இட்டுக்கொண்டு மறைந்து திரிந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. ஜான் பெண்ட்ரி என்ற ஆங்கில விஞ்ஞானியும் அவர் சகாக்களும் 2006ல் அதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்தார்கள். ஒளியை ஒரு பொருளைச் சுற்றி வளைத்து அனுப்பிவிட்டால் பொருள் தெரியாது! பத்திரிகைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆனால் சுற்றுவழியில் போகும் ஒளி, நேர்வழியில் போகும் ஒளியுடன் ஒரே சமயத்தில் போய்ச் சேர வேண்டுமே! வெட்டவெளியில் ஒளியையே முந்துவது எது? ஆகவே, ஒரு நிறத்துக்குப் பலித்தாலும் எல்லா நிறங்களுக்கும் பலிப்பது அரிது.

என்னைக் கேட்டால், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் 2014ல் செய்து காட்டியதுதான் மெச்சத்தக்க வித்தை. ஒரு தொட்டித் தண்ணீரில் வெள்ளைப் பெயிண்டைக் கலந்தார்கள். பால் போன்ற அந்த நீரில் ஒளி நேரே போக முடியாது. திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய பிள்ளையைப் போல் அங்குமிங்கும் தள்ளுண்டுதான் மறுகரை சேரும். நடுவே வெள்ளை பூசிய உலோக உருளை ஒன்றை வைத்தார்கள், நிழல் விழுந்தது. வெறும் சுவரின் சங்கடம் இதுதான். உள்ளே எதையும் விடாது. ஆனால் தான் இருப்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்!

பிறகு உருளைக்கு சிலிக்கோன் ரப்பர் உறை ஒன்று போட்டார்கள். உறைக்குள் ஒளி சற்று விரைந்து பரவும். உருளை தடுத்த வெளிச்சத்தை உறை சுற்றிக் கொண்டுபோய் மறுபுறம் ஈடு செய்தது. நிழல் போயிற்று, எல்லா நிறங்களிலும். பால்நீரில் ஒளி முட்டி மோதித் தாமதமாகவே போவதால், உறைக்குள் அது சற்று விரைந்தாலும் இயற்கையின் வேக வரம்பை மீறியதாகாது.

“கலங்கலில் ஒளிப்பது பெரிய காரியமா?” என்பார்கள். பெரிய காரியந்தான். உலகில் எத்தனையோ பொருள்கள் இப்படி அலைந்து பரவுகிறவையே. சூடு அப்படிப் பரவுகிறது; 2013ல் அதே குழுவினர் செப்புத் தகட்டில் சூட்டையும் இவ்விதம் வளைத்துக் காட்டினார்கள். காங்கிரீட்டுக்குள் ஊறி இரும்புக் கம்பியை அரிக்கும் உப்பும் அப்படியே. அதை விலக்கிவிட அதே ஆண்டில் வேறு சிலர் கணக்குப் போட்டார்கள்.

உறைக்கும் குறை உண்டு. விளக்கு நிதானமாக எரியும் வரையில்தான் வித்தை. மிகச் சிறிய ஒளித் துடிப்பை அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதையும் 2015ல் அவர்களே சோதித்து எழுதிவிட்டார்கள்.