மருந்தடிக்கிறவர் ரத்தத்துக்கு யார் கணக்கு வைப்பது?

சோலூர் பக்கம் தேயிலையாகட்டும், கேரட்டாகட்டும், பூச்சிக்கும் களைக்கும் அடிப்பதை யாரும் விஷம் என்று சொல்வதில்லை. "மருந்து" என்றுதான் சொல்வார்கள். டப்பாவில் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் போட்டு விஷம் என்றே அச்சடித்திருந்தாலும் அது மருந்துதான்!

எஸ்டேட்டில் எதற்குத்தான் கணக்கு இல்லை? பறித்த கொழுந்து எத்தனை கிலோ, யார் எத்தனை நாள் வேலை என்று எல்லாம் செக்ரோலில் ஏறும். தேயிலையில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வெளிநாட்டில் வாங்குகிறவன் சோதித்துப் பார்க்கிறான். அளவு கூடினால் சரக்கு திரும்பி வரும். குடிக்கிறவருக்கு இவ்வளவு பாதுகாப்பு. அடிக்கிறவருக்கு? தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் ஒரு தொழிலாளியைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மருந்தடிக்கிறவரை வேலைக்கு வைக்கும் முன்பும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளிலேயே உண்டு. தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 2010ல் 18ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பயிற்சி, பாதுகாப்பு உடை, குளிக்க இடம், ஒவ்வொருவருக்கும் உடல்நலப் பதிவேடு எல்லாம் முதலாளியின் பொறுப்பு. பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கவும் உரிமை உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. இந்தக் கடமைகள் அதிலும் தொடர்கின்றன.

கோளாறு அந்தப் "பார்க்கவும் உரிமை" என்பதில்தான். பார்க்க வேண்டுமானால் கேட்க வேண்டும். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் குடியிருக்கிறவர் ஆபீசில் போய் எப்படிக் கேட்பார்? கேட்காமலே நகல் கையில் வர வேண்டும், சம்பளச் சீட்டு மாதிரி.

தாளுக்கா இத்தனை பேச்சு என்பவர்கள் கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவில் வாட்டர்டவுனிலிருந்து தெர்மாமீட்டர் ஆலை 1980களில் அங்கே வந்தது. 1987ல் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன், ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே தெரிந்தது. ஆலையை மூடினார்கள். 2003ல் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். கழிவுக்கு வழி பிறக்க இரண்டு வருஷம். மனிதர்களுக்கு? 2006ல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2007ல், இவர்களின் இப்போதைய நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பு காட்டப் போதிய ஆதாரமில்லை என்றது. தொழிலாளர் அமைச்சகத்தின் 2011 அறிக்கை பாதிப்பு உண்டு என்றது. கம்பெனி கடைசிவரை மறுத்தது. 2016 மார்ச்சில் 591 பேருக்கு உடன்பாடு. தொகை வெளியே சொல்லவில்லை. காரணம், "மனிதாபிமானம்"!

பதினைந்து வருஷம். வேலை செய்த நாளில் எடுத்த பரிசோதனை ஒவ்வொன்றின் நகலும் அவரவர் வீட்டுப் பெட்டியில் இருந்திருந்தால், "போதிய ஆதாரமில்லை" என்று அத்தனை லேசாகச் சொல்லியிருக்க முடியுமா? பாதரசம் மாதிரியே பூச்சிமருந்தும் உடம்பில் தேதி எழுதிவிட்டுப் போவதில்லை. ஆர்கனோ பாஸ்பரஸ் நஞ்சு இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைக் குறைப்பது சில வாரங்களில் சரியாகிவிடும். அன்றைக்கே எடுக்காத டெஸ்ட்டைப் பத்து வருஷம் கழித்து எந்த ஆஸ்பத்திரியில் எடுப்பது?

"கிளவுஸ், மாஸ்க் கொடுத்தாலும் போட மாட்டேங்கிறாங்க" என்பது வழக்கமான பதில். அளவு சேராத ரப்பர் கையுறையோடு, முதுகில் ஸ்பிரேயரோடு, சறுக்குகிற மேட்டில் நின்று அன்றைய டாஸ்க்கை முடித்துப் பார்த்துவிட்டு இதைச் சொல்லட்டும்.

இத்தனையும் எஸ்டேட்டுக்குத்தான். 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தைச் சட்டம் தோட்டம் என்றே கணக்கில் எடுப்பதில்லை. நீலகிரியில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். அங்கே தினக்கூலிக்கு மருந்தடிக்கிறவருக்குச் செக்ரோலும் கிடையாது. அவர் ரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசாங்கமே சோதித்து, சீட்டை அவர் கையில் கொடுக்க வேண்டும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி வந்து பார்க்கிற அரசாங்கத்தால் இது முடியாதா என்ன?