முறுக்கை நீட்டாதீங்க!

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து டூசான் நகரை ஒட்டிய சபீனோ பள்ளத்தாக்குக்குக் குழந்தைகளோடு போயிருந்தோம். பாலைவனம்தான், ஆனாலும் தார் ரோடு, ஓடைக்கு மேலே 1930களில் கட்டிய கல் பாலங்கள், கால் வலித்தால் ஏறிக்கொள்ள மின்சார வண்டி. புடவையிலேயே நடக்கலாம்! 40 அடி உயரத்துக்கு வளரும் சகுவாரோ கள்ளியைப் பார்க்கவே போகலாம்.

ஆனால் நம்மவர்கள் சிலர், காட்டுப்பன்றி மாதிரி இருக்கும் ஹாவலினாவுக்கு முறுக்கு வீசியதுதான் உறுத்தியது. காக்காய்க்குச் சோறு வைத்தே பழகியவர்கள், புண்ணியம்னு நினைச்சிருப்பாங்க. தீனிக்குப் பழகிவிட்டால் அதற்கு மனுஷ பயம் போய்விடும், கடிக்கவும் செய்யும். அதைத் தேடி பூமாவும் வரும். அங்கே இது சட்டப்படி குற்றம் வேறு.

குழந்தை கேட்டு அழுதாலும் தீனிப் பையைத் திறக்காதீர்கள், தோழிகளே. சப்பாத்திக் கள்ளியை முள்ளோடு தின்று வளர்கிற பிராணி அது. நம் முறுக்குக்காகக் காத்திருக்கவில்லை.