மலைக்காக்கையின் சேமிப்பு

தன் இனத்தைக் கூவியழைத்து உண்ணும் இயல்பினது காக்கை என்பது நாம் இளமைமுதற் கேட்டறிந்த செய்தி. அக்குடும்பத்திலேயே உணவை மண்ணில் மறைத்துவைக்கும் பறவையொன்று உண்டு என்று கேட்பின், அதனை உலோபி என்று இகழவே நம் மனம் விரையும். அவ்விகழ்ச்சி தகாது என்பதே எமது துணிபு.

வட அமெரிக்காவின் மேற்பகுதியிலுள்ள ராக்கி, சியரா நெவாடா முதலிய உயர்ந்த மலைகளில் வாழும் இப்பறவைக்குக் கிளார்க்கின் நட்கிராக்கர் என்று பெயர். மேற்றிசை நாடுகளை ஆராயச் சென்ற வில்லியம் கிளார்க் என்பவர் 1805-ஆம் ஆண்டில் இதனைக் கண்டு, மரங்கொத்தி வகையினது என்று கருதினார். சாம்பல் நிற உடலும், கரிய சிறகும், நீண்டு கூரிய அலகும் உடையது. நாவின் அடியில் ஒரு பையும் உண்டு. கோடையின் இறுதியில் வெண்பட்டைப் பைன் மரத்தின் காய்களைப் பிளந்து, வித்துக்களை அப்பையில் நிரப்பிச் சென்று, ஓரிடத்திற் சிலவாகப் புதைத்துவைக்கும். ஒரு பறவை ஓராண்டிற் புதைப்பவை பல்லாயிரம். பனிமூடிய பின்னரும் பாறை, மரம் முதலியவற்றை அடையாளமாகக் கொண்டு அவற்றைத் தேடியெடுக்கும். குளிர் நீங்குமுன்னரே முட்டையிடுவதும் இச்சேமிப்பின் வலியினாலேயே. ஆணும் அடைகாத்தலிற் பங்குகொள்ளும். அவ்வமயம் பெண் தான் புதைத்த உணவை நாடிச் செல்லும்.

இனி, அம்மரத்தின் காய் முதிர்ந்தாலும் தானே விரிவதில்லை. காற்றிற் பறக்க வித்துக்குச் சிறகும் இல்லை. ஆகவே பறவை எடுத்துண்ணாது விட்ட வித்துக்களே முளைத்துக் காடாகின்றன. அக்காட்டின் வித்துக்களைக் கரடியும் அணிலும் உண்கின்றன. அதன் நிழலிற் பனி மெல்ல உருகி ஆறுகளுக்கு நீரூட்டுகின்றது. உலோபியின் செல்வம் இங்ஙனம் பிறர்க்குப் பயன்படுவதுண்டோ?

இத்தகைய காடு இன்று அழிவை எதிர்நோக்கி நிற்கின்றது. 1910-ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவினின்று நாற்றுக்களோடு வந்த கொப்புளத்துரு என்னும் பூஞ்சண நோயும், மரப்பட்டை வண்டும், காட்டுத்தீயும், ஏறிவரும் வெப்பமும் அதனை வருத்துகின்றன. 2016-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்க நாட்டில் நின்ற அம்மரங்களுட் பாதிக்குமேற் பட்டுப்போயின. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசாங்கம் அம்மரத்தைச் சட்டப் பாதுகாப்பின்கீழ்க் கொணர்ந்தது. நோயை எதிர்க்கவல்ல நாற்றுக்களை வளர்த்து நட்டும் வருகின்றனர்.

இவையாவும் நன்றே, எனினும் போதா. காய் அருகிய காட்டைப் பறவை நாடுவதில்லை. அது நாடாவிடின் எஞ்சிய மரங்களின் வித்தும் விதைக்கப்படாது. மலையுச்சிதோறும் மனிதர் ஏறி நடுதல் இயலுவதன்று. ஆதலின், பறவை மீண்டும் வருதற்குப் போதிய அளவு காய்க்கும் மரங்கள் ஒருங்கே நிற்குமாறு காத்தல் வேண்டும்.

வித்தைத் தின்னும் பறவையைப் பேணுதல் எற்றுக்கு என்று ஒருவர் வினவலாம். அது தின்பது தன் உழைப்பின் கூலி, விட்டுவைப்பது காடு. உழுதவன் உண்பதைக் களவென்று கூறுவார் யாருளர்?