சக்திமானுக்கு மெருகு வேண்டாம்

'சக்திமான்' என்ற இந்தித் தொடர் சினிமாவாக வரப்போகிறது, அதுவும் மூன்று பாகங்களாக என்று 2022 பிப்ரவரியில் சோனி நிறுவனம் அறிவித்ததிலிருந்து எனக்கு ஒரு கவலை இருக்கிறது. வந்தால் அதில் கிராபிக்ஸ் பிரமாதமாக இருக்கும் என்பதுதான் அந்தக் கவலை.

பட்டுக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்வது என் தொழில். இந்தத் தொழிலுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்ததே அந்தத் தொடர்தான். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடியது. எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியப்பா வீட்டுத் திண்ணை வரை பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். பெரிய கண்ணாடியும் முன்னால் தள்ளிய பல்லுமாக வரும் பத்திரிகை போட்டோகிராபர் கங்காதர்தான் சக்திமான் என்பதைக் கதாநாயகி கீதா விஸ்வாஸ் கண்டுபிடிக்காமல் இருக்கிறாரே என்று தவிப்போம். அதற்கு மொழி தேவைப்படவில்லை. ஒற்றைக் கையை மேலே தூக்கி, விரலை நீட்டி சக்திமான் சுழல ஆரம்பித்தால் திண்ணையில் பாதிப் பேர் எழுந்து சுழலுவார்கள்.

சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா, பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத'த்தில் பீஷ்மராக இருந்தவர். இருளின் அதிபதி தம்ராஜ் கில்விஷாக வந்தவர், அதே மகாபாரதத்தில் துரோணராக நடித்த சுரேந்திர பால். குருக்ஷேத்திரத்தில் கௌரவர் பக்கம் சேர்ந்து நின்ற இரண்டு கிழவர்களும் இங்கே எதிரும் புதிருமாக நின்றார்கள். "பீஷ்மரு வந்துட்டாராடா?" என்று கேட்டுக்கொண்டேதான் எங்கள் அப்பாயி டிவி முன்னால் உட்காரும். புராணத்தையும் பறக்கும் மனிதனையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்ள அப்பாயிக்கு எந்தச் சிரமமும் இல்லை. குண்டலினி, சக்கரம், யோகம் என்றுதானே சக்திமானுக்குச் சக்தி வந்தது? வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவனுக்கு எங்கள் வீட்டில் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

அவர் பறக்கும் காட்சியை இப்போது யூடியூபில் போட்டுப் பாருங்கள். உடம்பு கிடையாக இருக்கும், பின்னால் மேகமோ கட்டடமோ நகரும். முகத்தில் விழுவது ஸ்டுடியோ வெளிச்சம். ஆகாயத்தின் வெளிச்சம் வேறு பக்கமிருந்து வரும். தலைமுடியைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று துடிக்கும். புளூ மேட் என்ற நீலத் திரைக்கு முன்னால் எடுத்ததை அன்றைய கருவியில் வெட்டி ஒட்டினால் முடியில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டுடியோவிலும் அதே பாடுதான். மணமக்களைத் தாஜ்மகாலுக்கு முன்னால் நிறுத்தவேண்டும் என்று பெண் வீட்டார் கேட்பார்கள். நீலத் துணி கட்டி, சன் கன் வெளிச்சம் அடித்து எடுப்போம். பெண்ணின் நீலக் கரைப் புடவையில் அந்தக் கரை மட்டும் காணாமல் போய், அதன் வழியாகத் தாஜ்மகால் தெரியும். புடவையை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி மறுபடி எடுப்போம். தூர்தர்ஷன் தொடரில் வேலை பார்த்தவர்களும் எங்களைப்போலப் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டியவர்கள் என்பது முடியைச் சுற்றிய அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்குப் புரிகிறது. அவர்கள்மேல் எனக்கு மதிப்பு கூடிக்கொண்டேதான் போகிறது.

   

சக்திமானைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். மாடியிலிருந்து குதித்தால் அவர் வந்து பிடித்துக்கொள்வார் என்று நம்பிக் குழந்தைகள் அடிபட்டதாகச் செய்திகள் வந்தனவே? வந்தன. அவற்றில் சிலவற்றை முகேஷ் கன்னா மறுத்தும் இருக்கிறார். எது எப்படியிருந்தாலும், ஒரு குழந்தைக்குக் கீறல் விழுந்திருந்தாலும் அது சாதாரண விஷயம் அல்ல. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சக்திமான் உடையிலேயே அவர் திரையில் வந்து, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் நேராகச் சொன்னார். நிகழ்ச்சியின் கடைசியில் தப்பு செய்த பையனோ பொண்ணோ அவரிடம் மன்னிப்புக் கேட்கும் பகுதியும் உண்டு. ஒரு நடிகர் தன் வேடத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசினார். இன்றைக்குக் குழந்தைகள் பார்க்கும் எந்த நிகழ்ச்சியில் அப்படி ஒருவர் பேசுகிறார்?

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், தூர்தர்ஷன் அதை மறுபடி மதியம் 1 மணிக்குப் போட்டது. கல்யாணங்கள் நின்று, ஸ்டுடியோ பூட்டிக் கிடந்த நாட்கள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். ஹாலிவுட் படங்களைப் போனில் பார்த்து வளரும் பிள்ளை, சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். பறக்கும் காட்சி வந்ததும் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள். "அப்பா, அவரு ஸ்டூல் மேல படுத்திருக்காரா?" என்றாள். சாயங்காலம் தம்பியை ஸ்டூலில் குப்புறப் படுக்கவைத்து, பின்னால் பச்சைப் போர்வை கட்டி, என் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை தம்பியோடு ஸ்டூலும் சேர்ந்து பறந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். ஸ்டூலுக்கும் பச்சைத் துண்டைப் போர்த்தினாள். ஸ்டூல் மறைந்தது, தம்பி பறந்தான். நான் வாயைத் திறக்கவே இல்லை.

பல கோடி ரூபாய்ப் படத்தைப் பார்த்து எந்தக் குழந்தைக்கும் இந்த எண்ணம் வராது. அதில் கை நுழைய இடமே இருக்காது. வாய் பிளந்து பார்க்கலாம், அவ்வளவுதான். சக்திமானில் தையல் வெளியே தெரிந்தது. தெரிந்ததால்தான் இது பொய் என்று பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிகிறது, இதை நம்மாலும் செய்யமுடியும் என்றும் தோன்றுகிறது. அதனால்தான் படமாக எடுப்பவர்களிடம், உடையையும் சுழற்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த மனிதனைக் கம்ப்யூட்டருக்குள் கரைத்துவிடாதீர்கள் என்று கேட்கிறேன். அவர் வியர்ப்பது தெரியட்டும்.

படத்தைவிட எனக்குப் பெரிய குறை, தமிழில் இப்போது பிள்ளைகளுக்கென்று மனிதர்கள் நடிக்கும் சாகசத் தொடர் அருகிப்போனது. சன் டிவியில் 'மை டியர் பூதம்' வந்தபோது குட்டிப் பூதம் மூசாவுக்காக எத்தனை வீடுகளில் வீட்டுப்பாடம் காத்துக் கிடந்தது! இன்று சிறுவர் சேனலைத் திருப்பினால் பெரும்பாலும் டப்பிங் செய்த கார்ட்டூன்தான். கார்ட்டூன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நம் தெருவில் நடக்கிற மாதிரி ஒரு ஆள், நம் ஊர் முகத்தோடு, கெட்டவனைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கும் சுகம் அதில் கிடைக்காது.

தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிப் புதுப்பொலிவோடு வந்தது. இப்படி ஒரு தொடருக்கு வாரம் அரை மணி நேரம் அவர்கள் ஒதுக்கினால் போதும். சண்டைக்கு ஆள் தேடி எங்கும் போகவேண்டாம். சிலம்பத்தில் பல்டி அடிக்கிற பிள்ளைகள் எங்கள் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். வில்லனுக்குத் தெருக்கூத்துக் கலைஞர்கள் போதும், கட்டியம் கூறி வந்து நின்றாலே குழந்தைகள் நடுங்குவார்கள். ஆடி, மார்கழி மாதங்களில் கல்யாணம் இல்லாமல் சும்மா இருக்கும் கேமராக்காரர்களும் எடிட்டர்களும் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. கிரீன் மேட் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை வாடகை இல்லாமல் கொடுத்துவிடுகிறேன்.