மறுத்தலும் களைதலும் ஒன்றல்ல

ஒன்றை எதிர்த்துத் துரத்துவதற்கும் ஏற்காது விடுவதற்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களையெல்லாம் ஒரே வரியில் அடுக்கி, அனைத்திற்கும் 'நிராகரி' என்று பொருளெழுதும் வழக்கம் இந்திய வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. ரிப்பெல், ரிஜெக்ட், ரிபஃப், ரெப்யூடியேட், ஸ்பர்ன், ரிஃபியூட் ஆகிய யாவும் போட்டித் தேர்வுப் பயிற்சி ஏடுகளில் ஒருபொருட் பன்மொழிகளாகவே நிற்கின்றன. மாணவர் மனப்பாடம் செய்கிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார். ஆனால் அவர் கற்றது மொழி அன்று. மொழியின் வேறுபாடுகளைக் காணாதிருக்கும் பழக்கம்.

இச்சொற்கள் பிறந்த இடங்களே வேறு. ரிப்பெல் என்பதும் ரிபல்ஸ் என்பதும் 'தள்ளு, ஓட்டு' எனப் பொருள்படும் இலத்தீன் வினையின் வழி வந்தவை. நாடித்துடிப்பைக் குறிக்கும் பல்ஸ் என்பதும் அதே வேரினது. ரிஜெக்ட் என்பதன் அடியில் இருப்பது எறிதல். ரிபஃப் என்பது இத்தாலியத்தில் ஊதுதலைச் சுட்டும் ஒலிக்குறிப்பிலிருந்து கிளைத்தது. ரெப்யூடியேட் என்பது உரோமானியரின் மணவிலக்கிலிருந்து வந்தது. இருந்த உறவை இல்லையென்று அறுப்பது அதன் உட்கிடை. ஸ்பர்ன் என்பது பழைய ஆங்கிலத்தில் காலால் உதைத்தல். தள்ளுவதும் எறிவதும் உறவறுப்பதும் உதைப்பதும் ஒரே செயலாகுமா?

வேர்ப்பொருளே இன்றைய பொருளாகிவிடாது என்பது உண்மை. ஆயின் இன்றைய வழக்கிலும் வேறுபாடு அழியவில்லை. முழுமையான ஒருபொருட்பன்மொழி இயல்மொழிகளில் மிக அரிது என்பதை டி. ஏ. க்ரூஸ் 1986இல் வெளியான தம் சொற்பொருளியல் நூலில் விரிவாகவே காட்டியுள்ளார். அந்நூலைப் பாடமாக வைக்கும் நாட்டிலேயே அதற்கு நேர்மாறான வினாக்கள் தேர்வுக்கு வருகின்றன.

இது இலக்கண நுணுக்கம் மட்டும்தானே என்பார் நீதிமன்றத்தைப் பார்க்கட்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் கட்டளை, பிராதை 'திருப்பியளித்தல்' (விதி 10) வேறு, 'நிராகரித்தல்' (விதி 11) வேறு என்று பிரிக்கிறது. நிராகரிக்கப்பட்ட பிராதுக்குப் பின், காலவரம்புக்கு உட்பட்டு, அதே காரணத்தின் மீது புதிய பிராது கொணரலாம் என்கிறது விதி 13. இருதரப்பையும் கேட்டு, வழக்கின் தகுதியை ஆராய்ந்து தள்ளுபடி செய்தால் நிலைமை மாறுகிறது. அதே வழக்கை மீண்டும் தொடுப்பதைப் பிரிவு 11 தடுக்கிறது. செய்தியில் இரண்டும் 'தள்ளுபடி' என்றே வெளிவரும்போது, திறந்திருக்கும் கதவு மூடிவிட்டதென்று ஒரு குடியானவர் வீடு திரும்பக்கூடும்.

ஆய்வுக்கூடத்திலும் இதே கதை. புள்ளியியலில் இன்மைக் கருதுகோளை 'நிராகரிக்கப் போதிய சான்று இல்லை' என்பது ஒரு முடிவு. 'இன்மைக் கருதுகோள் உண்மை' என்பது முற்றிலும் வேறொன்று. இன்மைக் கருதுகோள் ஒருபோதும் மெய்ப்பிக்கப்படுவதில்லை என்று ரொனால்டு ஃபிஷர் 1935இலேயே எழுதினார். நிராகரிக்காததெல்லாம் ஏற்றது என்று பழகிய மனம், பத்துப் பேரிடம் நடத்திய சோதனையில் வேறுபாடு தென்படாதபோது, 'மருந்துக்குப் பயனில்லை' என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறது.

எல்லாவற்றினும் கேடானது ரிஃபியூட் என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதி. சான்று காட்டிப் பொய்யென நிறுவுவதே அறிவுத்துறைகளில் அதன் பொருள். கார்ல் பாப்பர் 1963இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அச்சொல்லை அமைத்தது அப்பொருளில்தான். ஆங்கில நாளிதழ்களிலோ, 'குற்றச்சாட்டு உண்மையன்று' என்று ஓர் அதிகாரி வாயால் சொன்ன அளவிலேயே அவர் அதை ரிஃபியூட் செய்துவிட்டதாக அச்சேறுகிறது. வெறும் மறுப்புக்கு நிரூபணத்தின் மதிப்பை இனாமாக வழங்குகிறது அச்சொல். சான்று காட்ட வேண்டிய கடமை அதிகாரத்தின் தோளிலிருந்து ஓசையின்றி இறங்கிவிடுகிறது.

பொருள் மாறுவது மொழியின் இயல்பு, அகராதிகளும் அப்புதுப் பொருளைப் பதிவு செய்கின்றனவே என்று மொழியியலார் சிலர் கூறலாம். பதிவு செய்வது மொழியியலாரின் கடமையே. ஆயின் இரு பொருள் வழங்குகின்றன என்று பதிவு செய்வது வேறு. இரண்டும் ஒன்றே என்று கற்பிப்பது வேறு. முன்னது விவரணை, பின்னது பிழை.

இதற்குத் தமிழில் சொல் இல்லை என்னும் சாக்கும் நில்லாது. உடன்படுதல், மறுத்தல் என்பவற்றோடு நிறுத்தாமல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக் காட்டிப் பின்னர்க் களைவதைத் தனியொரு மதமாக எழுவகை மதங்களுள் எண்ணியது பவணந்தியாரின் நன்னூல். வாளா மறுப்பதும் ஆராய்ந்து களைவதும் ஒன்றல்ல என்பது 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் மாணவனுக்குத் தெரிந்திருந்தது. இன்று எல்லாவற்றுக்கும் பொதுவாக்கப்பட்ட 'நிராகரி' என்பதற்கே ஒரு காலத்தில் கூர்மை இருந்தது. உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணம், பிறர் கொள்கையை எடுத்துவைத்து, அதன் குறைகாட்டி விலக்கும் நூல். அவ்வளவு உழைப்பைக் குறித்த சொல் இன்று விண்ணப்பப் படிவத்தின் மேல் குத்தும் முத்திரையாகச் சுருங்கிவிட்டது.

துரத்து, தள்ளு, புறந்தள்ளு, உதறு, விலக்கு, கைவிடு, ஏலாது விடு, மறு, களை என இருக்கும் சொற்கள் போதும்; அவற்றைத் தெரிந்தெடுக்கும் பொறுமைதான் இல்லை. இச்சொற்களைக் கற்பிப்போர் ஒவ்வொன்றோடும் மூன்று வினாக்களைச் சேர்த்துக் கற்பிக்கட்டும்: விலக்குபவர் யார்? எதைக் கொண்டு விலக்குகிறார்? விலக்கப்பட்டதற்கு மீண்டும் வர வழியுண்டா? இவற்றைக் கேட்கப் பழகிய மாணவரிடம், சான்றில்லாத மறுப்பை நிரூபணம் என்று விற்க முடியாது.