பத்திரம் வேறு, அனுமதி வேறு

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. சொந்த மனை என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் உள்ள மதிப்பே தனி. மகள் திருமணத்திற்கு உதவும் என்று ஒருவர் மனை வாங்குகிறார். ஓய்வு பெற்றபோது வந்த பணம் மண்ணில் கிடந்தால் வளரும் என்று மற்றொருவர் வாங்குகிறார். பழைய வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று இன்னொருவர் கணக்குப் போடுகிறார். இவர்கள் எல்லோருக்கும் ஐயங்கள் எழுகின்றன. ஆனால் அவை முன்பணம் கொடுத்த பிறகே எழுகின்றன. அதுவும் விற்கிற தரகரிடமே கேட்கப்படுகின்றன. இந்த நிலை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம்மைப் போன்றவர்களிடம் பெரியவர்கள் பத்திரக் கட்டைக் கொடுத்து, "எல்லாம் சரியா இருக்கான்னு படிச்சுச் சொல்லுப்பா" என்று கேட்கிறார்கள். நாமும் படிக்கிறோம். நான்கெல்லை இருக்கிறது, தொகை இருக்கிறது, சாட்சிகளின் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால், 'இதில் வீடு கட்டலாமா?' என்ற கேள்விக்கு அந்தக் கட்டில் விடை இருப்பதில்லை. ஏனெனில் கிரையப் பத்திரம் சொல்வது, யார் யாருக்கு விற்றார் என்பதை. பட்டா சொல்வது, வருவாய்த்துறைக் கணக்கில் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதை. அந்த மண்ணில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது வேறொரு சட்டம். அதுவே 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்.

எனவே வாங்குபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இந்த மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா?' என்பதே. 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது' என்று பலர் சொல்வார்கள். ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் ஒரு வயலை மனைப்பிரிவாக்கிவிடா. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், பிற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறையும் வரைபடத்தை ஏற்றிருக்க வேண்டும். இதை அறியாமல் மனை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, அவர்கள் விற்கவும் முடியாமல் தவித்தார்கள். 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பிரிக்கப்பட்டு விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அதற்கும் கட்டணம், அலைச்சல் எல்லாம் வாங்கியவர் தலையில்தான் விழுந்தன. பிரித்து விற்றவர் போன இடம் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி, 'இந்த நிலத்தின் பயன்பாடு என்ன?' என்பது. முழுமைத் திட்டம் உள்ள பகுதிகளில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம், திறந்தவெளி என்று வகுக்கப்பட்டிருக்கும். விவசாயப் பகுதியென வகுக்கப்பட்ட மண்ணில், பயன்பாட்டை முறைப்படி மாற்றாமல் குடியிருப்புகள் எழ முடியாது. ஏரி, ஓடை ஓரங்களில் இன்னும் விழிப்பு வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் பட்ட துயரத்தை நாடே பார்த்தது. நீரின் வழியில் வீட்டைக் கட்டினால் நீர் வழக்காடாது. நேரே வீட்டுக்குள் வந்துவிடும்.

மூன்றாவது கேள்வி, பழைய வீட்டைத் திருத்துவது பற்றியது. வெள்ளையடிக்க, பூச்சுப் பூச, தரை மாற்ற எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் மேலே ஒரு மாடி எழுப்பினாலோ, குடியிருந்த வீட்டைக் கடையாகவோ விடுதியாகவோ மாற்றினாலோ அனுமதி வேண்டும். 'என் வீடு, என் இஷ்டம்' என்பது இங்கே செல்லாது. கீழ்ச் சுவரும் அடித்தளமும் மேல்மாடியின் பாரத்தைத் தாங்குமா என்று பார்ப்பது ஆசையின் வேலையன்று, பொறியாளரின் வேலை. சுற்றிலும் விட வேண்டிய இடத்தையும் சேர்த்துக் கட்டினால், பக்கத்து வீட்டாரின் காற்றும் வெளிச்சமும் போகும். தீப்பற்றினால் உள்ளே சென்று அணைக்க வழியிராது.

'அனுமதி என்றாலே அலைச்சலும் கையூட்டும்தானே? அதனால்தான் கேட்காமல் கட்டுகிறோம்' என்பார்கள். இந்த மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். சிறு குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் மனைக்கு அங்கீகாரம் இல்லையென்றால் இந்தக் கதவும் திறக்காது என்பதை நினைவிற் கொள்க.

அனுமதித் தாள் மட்டும் உயிரைக் காத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைப் பலிகொண்ட பதினோரு மாடிக் கட்டடம் அனுமதி பெற்றதுதான். இறந்தவர்களுள் பெரும்பாலோர் கூலிக்குக் கல்லும் மண்ணும் சுமந்த ஏழைகள். வரைபடத்தில் முத்திரை குத்துவதோடு கடமை முடிந்ததென்று அதிகாரிகளும், முத்திரை விழுந்ததோடு தொல்லை தீர்ந்ததென்று கட்டுபவரும் எண்ணினால் இன்னொரு மவுலிவாக்கம் நேராது என்று யார் உறுதி கூற முடியும்? கட்டடம் எழும்போதே கண்காணிப்பு வேண்டும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். மனை விற்பனைப் பலகை ஒவ்வொன்றிலும் அனுமதி எண்ணும், நிலப் பயன்பாடும், பூங்காவுக்கு ஒதுக்கிய இடமும் பெரிய தமிழ் எழுத்தில் இருக்கச் செய்ய வேண்டும். கொடிகளும் பரிசுப் பொருள் விளம்பரங்களும் தெரிகிற அளவுக்கு இவை தெரிய வேண்டாமா?

மாணவத் தோழர்களுக்கும் ஒரு சொல். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் கிராமங்களில் மரம் நடுகிறோம், கோயில் குளம் தூர் வாருகிறோம். அத்தோடு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, ஊர்ப் பெரியவர்களுக்குப் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மனைப்பிரிவு வரைபடத்தையும் படித்து விளக்கினால் என்ன? வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த பணம் ஒரு கையெழுத்தில் போய்விடும் வீடுகள் நம் வீடுகள்தாம். முன்பணம் கொடுக்குமுன் கேட்கப்படும் ஒரு கேள்வி, பின்னால் ஏற வேண்டிய பத்து அலுவலகப் படிகளை மிச்சப்படுத்தும். கேட்கப் பழகுவோம், கேட்கக் கற்றுக்கொடுப்போம்.