அரச அலுவலக வாயிலில் மதச் சின்னங்கள்

பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை முதலான பிரதேசங்களில் பிறப்புச் சான்றிதழ் பெறவோ முறைப்பாடு ஒன்றைப் பதிவு செய்யவோ வரும் தோட்டத் தொழிலாளி, பல சந்தர்ப்பங்களில் வாயிலில் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கப்பட்டுள்ள புத்தர் சிலையைக் கடந்தே அரச அலுவலகத்தினுள் நுழைகின்றார். உள்ளே தமிழில் பதிலளிக்க அலுவலர் ஒருவர் இருப்பாரா என்பது வேறு விடயம். இத்தனைக்கும் இவை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். இருபதில் ஒருவர் முஸ்லிம்.

மலையக மக்கள் புத்தரை வணங்கத் தயங்கியவர்கள் அல்லர். பதுளை முதியங்கனை விகாரையில் கைகூப்பும் தமிழர்களும் உளர்; கதிர்காமத்திலோ மூவினத்தவரும் கூடுகின்றனர். விகாரையில் இருக்கும் புத்தர் குறித்து எவருக்கும் முறைப்பாடு இல்லை. எல்லோருடைய வரிப்பணத்திலும் இயங்கும் அலுவலகம் ஒரு மதத்தின் முற்றமாக மாறுவதே கேள்விக்குரியது.

ஒரு சமயத்தவருக்கு மட்டும் சலுகையளிக்கும் சட்டத்தைத் தடைசெய்த சோல்பரி யாப்பின் 29 ஆவது பிரிவு, 1972 இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டின் யாப்பு பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வழங்கியது. 1978 யாப்பின் 9 ஆவது உறுப்புரை அதனைத் தொடர்ந்தது. ஆயினும் அதே உறுப்புரை ஏனைய மதத்தவரின் உரிமைகளையும் உறுதிப்படுத்துகின்றது. பொலிஸ் நிலையத்திலும் செயலகத்திலும் சிலை அமைக்க வேண்டும் என்று அதில் ஓரிடத்திலும் கூறப்படவில்லை.

நடைமுறையில் காணப்படும் பாகுபாடே இதனினும் பாரதூரமானது. புதிய வணக்கத்தலம் அமைக்க முன்னனுமதி தேவை என 2008 ஒக்டோபரில் சமய விவகார அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. இது தேவாலயங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் எதிராகவே பெரிதும் பயன்படுத்தப்பட்டது. 2013 ஜூலையில், நோன்பு மாதத்தில், மஹியங்கனைப் பள்ளிவாசலுக்குள் பன்றி இறைச்சி வீசப்பட்டது. மூடப்பட்டது என்னவோ பள்ளிவாசல்தான். 2019 மே மாதத்தில் ஹசலக்கையில், ஆடையில் இருந்த கப்பல் சுக்கானின் படம் தர்மச்சக்கரமாகக் கருதப்பட்டு ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டு, மஹியங்கனை நீதிவான் நீதிமன்ற உத்தரவின் பேரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவரது உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லயன்களுக்கு அருகில் தொழிலாளர் தம் சம்பளத்தில் சேர்த்துக் கட்டிய மாரியம்மன் கோவில்களை எடுத்துக்கொள்வோம். எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தபோதும் நிலவுரிமை அரசிடமே உள்ளது. தலைமுறை தலைமுறையாகத் திருவிழா நடக்கும் இக்கோவில்களில் பலவற்றுக்கு இன்றும் காணி உறுதி கிடையாது. அலுவலக முற்றத்துச் சிலையிடம் எவரும் உறுதி கேட்பதில்லை.

நம்மவரின் அளவுகோலும் நேரானதல்ல. 2018 இல் திருகோணமலை ஶ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தமைக்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் தமிழர்களே. அதுவும் ஓர் அரச பாடசாலை. ஓர் ஆசிரியை தனது உடலில் அணியும் ஆடையும், அரசாங்கம் தனது கட்டடத்தில் நிறுவும் சின்னமும் ஒன்றல்ல. முன்னையது தனிமனித உரிமை. பின்னையது அதிகாரத்தின் குரல். இந்த வேறுபாட்டை அன்று நாம் உரத்துக் கூறியிருந்தால், அடுத்த ஆண்டு பெண் அரச ஊழியர்கள் சேலையோ ஒசரியோ மட்டுமே அணிய வேண்டுமென 13/2019 ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தபோது, இரு சமூகங்களும் ஒன்றிணைந்து குரல் எழுப்பியிருக்கலாம். எதிர்ப்புகளையடுத்து அது திருத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் 1968 இல் அண்ணாதுரை அரசாங்கம், அரச அலுவலகங்களிலிருந்து கடவுளர் படங்களைப் படிப்படியாக அகற்றுமாறு பணித்தது. பெரும்பான்மையினரின் தெய்வங்களையே அவ்வுத்தரவு பெரிதும் தொட்டது. இலங்கையில் இன்று அத்தகைய உத்தரவை எதிர்பார்ப்பது பேதைமை. 2005 இல் திருகோணமலையில் ஒரு சிலையை முன்வைத்து எழுந்த பதற்றம் அதற்குப் போதிய சான்று.

இருக்கும் சிலைகள் இருக்கட்டும். அரச வளாகங்களில் எந்த மதத்தின் பெயராலும் புதிய கட்டுமானம் கூடாதென்றும், 2008 சுற்றறிக்கை கோரும் முன்னனுமதி அரச நிறுவனங்களுக்கும் பொருந்துமென்றும் பொது நிர்வாக அமைச்சு பணிக்க முடியும். ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019 இலேயே முடிவுற்றதால் கொழும்பையே கேட்க வேண்டியுள்ளது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நிகழ்ந்து ஆறு வாரங்களுக்குள் சேலை பற்றிச் சுற்றறிக்கை எழுதிய அமைச்சுக்கு இது இயலாத காரியமல்ல. தோட்டக் கோவில்களுக்கான காணி உறுதி விவகாரத்தை மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இக்கோரிக்கையுடன் சேர்த்தே முன்வைக்க வேண்டும்.